வேட்டைக்காரரிடம் சுவிசேஷம் சொல்லத் துப்பாக்கிக் குலுக்கல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சபைகள் வேட்டைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டு இறைச்சி விருந்து வைத்துச் சுவிசேஷம் சொல்வதைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையையும், அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். மானைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்து ஜெபமா என்பதுதான் அநேகமாக எல்லாக் கடிதங்களின் சாரமும். நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம், பென்சில்வேனியா மாநிலத்தின் நடுவே மலையும் காடும் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் பல வருடமாகக் குடியிருக்கிறேன், இங்கே பக்கத்தில் தமிழ்ச் சபை கிடையாது என்பதால் உள்ளூர்க்காரர்களின் சிறிய சபை ஒன்றுக்குத்தான் ஆராதனைக்குப் போகிறோம், அந்தச் சபையில் ஆண்களில் பெரும்பாலானவர்கள் வேட்டைக்காரர்கள். நான் துப்பாக்கி தொட்டவன் இல்லை. ஆனால் அவர்களோடு சாப்பிட்டிருக்கிறேன், ஜெபித்திருக்கிறேன், சுட்ட மானை மலைச்சரிவில் இழுத்துவரக் கைகொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேட்டை என்றதும் நம் ஊரில் மனதில் வருவது வேறு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இந்தியாவில் வேட்டை என்றாலே திருட்டு வேட்டைதான், அதைக் குற்றமாகப் பார்ப்பது சரியும்கூட. இங்கே நிலைமை அப்படி இல்லை. பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கி, எந்த வாரம் எந்த விலங்கு, ஆணா பெண்ணா என்று சட்டம் சொல்கிறபடிதான் சுடமுடியும். கொம்புள்ள ஆண் மான் இந்த மாநிலத்தில் ஒருவருக்கு வருடத்துக்கு ஒன்றுதான். துப்பாக்கிப் பருவத்தில் காட்டுக்குள் போகிறவர் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளீரென்ற ஆரஞ்சு நிறம் உடுத்தியிருக்க வேண்டும். சுட்ட மானின் கறியை விற்கக்கூடாது, சாப்பிடலாம், கொடுக்கலாம், அவ்வளவுதான்.

விற்கக்கூடாது என்ற இந்த விதிக்குப் பின்னால் ஒரு துக்கமான வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். வானத்தையே மறைத்துப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. பென்சில்வேனியாவில் மானே அருகிப்போய், 1895-ல் வேட்டை ஆணையம் அமைத்து, வெளி மாநிலத்திலிருந்து மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். 1937-ல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. இன்றைக்கு மான் பெருகிவிட்டது. ஓநாய் இல்லாத காடு, முளைக்கிற கன்றையெல்லாம் மானே மேய்ந்துவிடுகிறது, இலையுதிர் காலத்தில் இரவில் கார் ஓட்டுகிற எங்களுக்கு எந்த வளைவில் மான் குறுக்கே பாயும் என்ற பயம் எப்போதும் உண்டு. ஆக, பருவத்தில் மான் சுடுகிறவர் காட்டின் எதிரி இல்லை. பல இடங்களில் அந்தக் காட்டை வாங்கிப் பராமரிக்கப் பணம் கட்டியவரே அவர்தான்.

உயிரைக் கொல்வதே பாவம் என்று நினைப்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் கடிதம் எழுதியவர்களில் சிலர் கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். அவர்கள் வேதத்தை இன்னொரு முறை வாசிக்கலாம். ஏசா வேட்டையில் வல்லவன், வயதான ஈசாக்குக்கு அவன் கொண்டுவரும் கறி என்றால் பிரியம். லேவியராகமம் 17-ஆம் அதிகாரத்தில் வேட்டைக்காரனுக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது, பிடித்த மிருகத்தின் இரத்தத்தைக் கீழே விட்டு மண்ணால் மூட வேண்டும். உபாகமம் 22-ல் கூட்டில் குஞ்சுகளோடு தாய்ப்பறவை இருந்தால் தாயைப் போகவிடச் சொல்கிறது. வேட்டையே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு எல்லை போட்டிருக்கிறது, செத்த உயிருக்கு ஒரு மரியாதை கேட்கிறது. எங்கள் சபையில் ஒரு பெரியவர் மான் விழுந்த இடத்தில் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டு ஜெபித்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். பக்கத்தில் இருக்கிற இளைஞர்களுக்கு அவர் எதையும் விளக்குவது கிடையாது. பார்த்துப் பார்த்து அவர்களும் அப்படியே செய்கிறார்கள்.

இது அமெரிக்காவில் நேற்று முளைத்த வழக்கமும் இல்லை. 727-ல் இறந்த லீஜ் நகரத்து ஆயர் ஹியூபர்ட்டைத்தான் ஐரோப்பாவின் கத்தோலிக்க வேட்டைக்காரர்கள் தங்கள் பாதுகாவலராக வைத்திருக்கிறார்கள். கொம்புகளுக்கு நடுவே சிலுவை தெரிந்த மானைக் கண்டு அவர் மனந்திரும்பினார் என்பது கதை. நவம்பர் 3 அவர் திருநாள், பெல்ஜியத்து ஆர்டென் காட்டுப் பகுதியில் வேட்டைக்கொம்பு ஊதித் திருப்பலி நடக்கிறது, நாய்களுக்குக்கூட ஆசீர்வாதம் உண்டு. கண்ணப்பர் கதை கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு வேடனுக்கும் பக்தி உண்டு என்று நான் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

சரி, விருந்துக்கு வருகிறேன். சீசன் எல்லாம் ஓய்ந்தபிறகு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை நடக்கும். ஃப்ரீசரில் இருப்பதை ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள், மான் கறி சில்லி, கரடிக் கறி, காட்டு வான்கோழி, முயல், ட்ராவுட் மீன். சபைக் கூடத்துச் சுவரில் கொம்புத் தலைகளை மாட்டிவைப்பார்கள், பையன்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். என் மனைவி சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துப் போட்டு நம் ஊர் முறையில் மான் கறி வறுத்துக் கொண்டுபோவாள், அந்தச் சட்டிதான் முதலில் காலியாகும். எங்கள் பக்கத்து அசனப் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கோயில் வாசலில் பந்தல் போட்டு அண்டா அண்டாவாகச் சமைத்து, யார் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் இலை போடுகிறோமே, அதே மாதிரிதான். ஆராதனைக்கு வராதவர் சாப்பிட வருவார், சாப்பிட வந்தவர் நாலு பேரைத் தெரிந்துகொண்டு போவார். இதில் பழிக்க என்ன இருக்கிறது?

எனக்கு மனம் ஒப்பாதது வேறொன்று. விருந்துக்கு ஆள் சேர்க்கத் துப்பாக்கியைக் குலுக்கலில் கொடுப்பது. 2014-ல் கென்டக்கி மாநிலத்தில் பாப்டிஸ்ட் சபைகள் சில இப்படிச் செய்தது நாடெங்கும் செய்தியானது, இன்றும் பல இடங்களில் நடக்கிறது. அதை நடத்துகிறவர்களின் நோக்கம் எனக்குத் தெரியும், வேறு எதற்கும் சபைப் படி ஏறாத மனிதன் ஒரு ரைஃபிளுக்காவது வருவான், வந்தால் வசனம் காதில் விழும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்திலும் ஜெப வீட்டிலும்கூடத் துப்பாக்கிச் சூடு நடந்து பிள்ளைகள் செத்த நாடு இது. அந்தத் தாய்மார் இருக்கிற நாட்டில் சபை மேடையில் துப்பாக்கியைப் பரிசாகத் தூக்கிக் காட்டக்கூடாது. அது சட்டப்படி சரியா, உரிமையா என்ற கேள்வியே எனக்கு இல்லை. இயேசுவைப் பற்றிக் கேட்க வந்தவன் வீட்டுக்குப் போய் அன்று என்ன கிடைத்தது என்று நினைக்கும்போது அவன் நினைவில் எது நிற்கும் என்பதுதான் கேள்வி. எங்கள் சபையில் இதைப் பேசினோம், வாக்குவாதம் கொஞ்சம் சூடாகவே போனது, கடைசியில் குலுக்கல் வேண்டாம் என்று முடிவானது. அதை முதலில் சொன்னவரே ஒரு வேட்டைக்காரர்தான். கூட்டம் கொஞ்சம் குறைந்தது, குறைந்துவிட்டுப் போகட்டும்.

அதேபோல, சாப்பிடத்தான் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்து, கையைத் தூக்கு, முன்னால் வா என்று நெருக்குவதும் வேண்டாம். அழைப்பிதழிலேயே எழுதிவிடலாம், சாப்பாடு உண்டு, அதற்குப்பின் ஒருவர் தன் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவார் என்று. தெரிந்து வருகிறவன் காது கொடுத்துக் கேட்பான், மறைத்துக் கூப்பிட்டால் மறுவருஷம் வரமாட்டான், வேட்டைக்காரன் சுற்றிலும் நடப்பதைக் கவனித்தே பழகினவன், அவனை ஏமாற்றுவது சுலபமில்லை. பேச வருகிறவரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். டெக்சாஸ் போன்ற இடங்களில் வேலி போட்ட பண்ணைக்குள் கொம்புக்காகவே வளர்த்த மானைப் பணம் கட்டிச் சுடுகிறார்கள், அப்படிச் சுட்டதைத் திரையில் போட்டுக் காட்டிக்கொண்டே சாட்சி சொல்லும் பிரபலத்தை நான் கூப்பிடமாட்டேன். ஊர்க்காரர் ஒருவர், அப்பா கற்றுக்கொடுத்து வேட்டை பழகியவர், மேடையில் பேசத் தெரியாதவர், தடுமாறித் தடுமாறிப் பத்து நிமிடம் தன் வாழ்க்கையைச் சொன்னால் போதும்.

வேட்டைக்காரர்களிடம் சாட்சி சொல்லும்போது அடிக்கடி வருகிற பதில் ஒன்று உண்டு. "காடுதான் என் கோயில், கடவுளை நான் அங்கேயே பார்த்துக்கொள்கிறேன்." நம் கிறிஸ்தவர்கள் பலர் இதைக் கேட்டதும் மறுத்துப் பேசக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர் சொல்வதில் பாதிக்குமேல் உண்மைதான். விடியுமுன் இருட்டில் ஏறி, மரத்தில் கட்டிய பரணில் கைகால் விறைக்க உட்கார்ந்து, பனிக்கு மேலே வெளிச்சம் மெல்ல இறங்குவதைப் பார்க்கிறவனுக்கு, வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்ற சங்கீதத்தை விளக்கவே வேண்டாம். ஆராதனையில் நாம் பதினைந்து நிமிடம் அமைதியாக இருக்கச் சிரமப்படுகிறோம், அவர்கள் மணிக்கணக்காக அசையாமல் இருக்கிறார்கள். அதனால் ஆமாம் என்று ஒத்துக்கொண்டு அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்கவேண்டும். அப்புறம்தான் மீதிப் பாதி. காடு தேவனுடைய பெருமையைச் சொல்லும், ஆனால் நீ உன் மகனோடு பேசாமல் விட்ட வருஷங்களை மன்னித்தேன் என்று சொல்லாது. அதைச் சொல்ல ஒருவர் வேண்டும், அவர் வந்தார், அவர் பெயர் இயேசு. எனக்குத் தெரிந்த சுவிசேஷம் இவ்வளவுதான்.

இன்னொன்றையும் நான் கவனித்திருக்கிறேன். இரத்தம் சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு இல்லை என்ற எபிரெயர் நிருபத்து வசனத்தைப் படித்த நகரத்து ஆட்களுக்கு விளக்குவது பெரும்பாடு, அது அவர்களுக்கு அருவருப்பாக இருக்கிறது. தன் கையால் மானின் வயிற்றைக் கிழித்து, சூடு ஆறாத இரத்தத்தில் முழங்கை வரை நனைந்தவனுக்கு அது புரிகிறது. ஓர் உயிர் போய்த்தான் என் வீட்டில் சாப்பாடு என்பது அவனுக்கு ஏட்டில் படித்த விஷயம் இல்லை. சிலுவையைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் வருகிற அமைதியை நான் வேறு யார் முகத்திலும் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது இங்கே சபைகளை உலுக்கிக்கொண்டிருக்கிற விஷயம் ஞாயிறு. பென்சில்வேனியாவில் நெடுங்காலமாக ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை, நரி, காகம் போல ஒன்றிரண்டு மட்டும் விதிவிலக்கு. 2019-ல் ஒரு சட்டம் வந்து அடுத்த வருடத்திலிருந்து மூன்று ஞாயிறுகளைத் திறந்துவிட்டார்கள். 2025 ஜூலையில் ஆளுநர் ஜோஷ் ஷபிரோ கையெழுத்துப் போட்டு அந்தத் தடையையே எடுத்துவிட்டார், எந்தெந்த ஞாயிறு என்பதை இனி வேட்டை ஆணையம் முடிவு செய்யும். போதகர்கள் பலருக்கு வருத்தம், எனக்கும் உள்ளூர வருத்தம் உண்டு, ஓய்வுநாள் என்பதை ஊரே சேர்ந்து காத்தது ஒரு நல்ல விஷயம். ஆனால் மேடையிலிருந்து வேட்டைக்காரர்களைத் திட்டுவதால் என்ன கிடைக்கும்? வாரம் முழுக்கத் தொழிற்சாலையிலும் பண்ணையிலும் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்குச் சனியும் ஞாயிறும்தான் காடு. பருவம் நடக்கும் வாரங்களில் சனிக்கிழமை இரவு ஒரு சிறிய ஆராதனை வைக்கலாம், அந்த ஆரஞ்சு உடையோடும் சேற்றுப் பூட்ஸோடும் வந்து உட்காரச் சொல்லலாம். எல்லாருக்கும் எல்லாமானேன் என்று பவுல் எழுதியதை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே, அது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

விருந்து ஒரு நாள் கூத்து. மற்ற நாட்களில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே டீர் கேம்ப் என்பார்கள், காட்டுக்குள் இருக்கிற ஒரு பழைய மரவீடு, தாத்தா காலத்திலிருந்து அதே குடும்பங்கள், அதே நண்பர்கள், நவம்பர் கடைசியில் நன்றி தெரிவிக்கும் நாள் முடிந்ததும் போய்க் கூடுவார்கள். பல ஊர்களில் அந்த நாளுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே லீவு. நேருக்கு நேர் உட்காரவைத்து உன் மனதில் என்ன என்று கேட்டால் வாயே திறக்காத மனிதர்கள், ஒரே மலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் தானாகப் பேசுவார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியை இழந்தவர். அனுதாபக் கார்டுகளையெல்லாம் பிரிக்காமல் மேஜையில் போட்டிருந்தார், சபைப் பக்கமே வரவில்லை. எங்கள் மூப்பர் ஒருவர் அந்தப் பருவம் முழுவதும் அவரோடு காட்டுக்குப் போனார், வசனம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை அவரே கேட்டாராம், அவளை நான் மறுபடி பார்ப்பேனா என்று. அந்தக் கேள்வி எந்த மேடைக்கு முன்னாலும் வந்திருக்காது. அவர் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, எடுக்கவேண்டும் என்று யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை, ஆனால் இப்போது சில ஞாயிறுகள் கடைசி பெஞ்சில் அவரைப் பார்க்கிறேன்.

அடிபட்ட மானின் இரத்தத் தடத்தை இருட்டில் தேடும்போது டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பரணிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர் வீட்டுக்குக் குளிர்கால விறகு வெட்டித்தர ஆள் வேண்டும், வேட்டையில் பலத்த அடி படுவதற்குத் துப்பாக்கி மட்டும் காரணம் இல்லை, பரணிலிருந்து விழுவதும் ஒரு முக்கியக் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. அப்பா இல்லாத பையனைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பொறுப்பாகப் பழக்க ஒரு பெரியவர் வேண்டும். அப்புறம் கறி. 1991-லிருந்து இந்த மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் தாங்கள் சுட்ட மானைக் கசாப்புக் கடையில் கொடுத்தால் அது ஏழைகளின் உணவு வங்கிக்குப் போகிற ஏற்பாடு ஒன்று நடக்கிறது, ஒரு மானில் ஏறக்குறைய இருநூறு பேருக்கு ஒருவேளைச் சாப்பாடு தேறும் என்று அந்த அமைப்பு கணக்குச் சொல்கிறது. இதற்குச் சபை தோள் கொடுத்தால், விசுவாசம் இல்லாத வேட்டைக்காரரும் விசுவாசியும் ஒரே வேலையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். மினசோட்டாவில் தொடங்கிய கிறிஸ்தவ மான் வேட்டைக்காரர் சங்கம் போன்றவை பரணில் உட்கார்ந்து படிக்கச் சின்னத் தியானப் புத்தகங்கள் போடுகின்றன, நல்லதுதான், நானும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இலைதழை வண்ணத்தில் அட்டை போட்ட வேதாகமத்தைக் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டால் ஊழியம் முடிந்தது என்று நினைக்கக்கூடாது.

கடைசியாக அமெரிக்காவில் இருக்கிற நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை, உங்கள் பத்திரிகையை இங்கேயும் பலர் இணையத்தில் படிக்கிறார்கள் என்பதால். பிலடெல்பியாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் இருக்கிற தமிழ் ஐக்கியங்களில் மிஷனரி ஊழியத்துக்குக் காணிக்கை எடுக்கிறோம், தூரத்துத் தேசங்களுக்காக ஜெபிக்கிறோம், அது தொடரட்டும். ஆனால் ஒரு மணி நேரம் காரில் போனால் வருகிற மலைக்கிராமத்து மனிதரை, அவர் பிக்கப் வண்டியையும் அதன் பின்னால் கிடக்கிற மானையும் பார்த்ததுமே, இவர்களோடு நமக்கு என்ன பேச்சு என்று ஒதுங்கிவிடுகிறோம். அவர்களும் நம்மைப் பார்த்து அப்படித்தான் தயங்குகிறார்கள். பேச்சைத் தொடங்க வேட்டையைப்போல எளிதான வழி வேறில்லை, இந்த வருஷம் எப்படி, மான் கிடைத்ததா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அரை மணி நேரம் ஆசையாகச் சொல்வார், பெரும்பாலும் போகும்போது கையில் ஒரு பொட்டலம் கறியும் கொடுப்பார். அதை வாங்கிக்கொள்ளுங்கள், நம் ஊர் மசாலா போட்டுச் சமைத்து ஒரு கிண்ணம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இங்கே ரைஃபிள் பருவம் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்கும். அதற்கு முன்பாகவே போய்க் கதவைத் தட்டுங்கள், தொடங்கிய பிறகு வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மத்திய பென்சில்வேனியா